ரெடிங் கவுண்டி சிறை: உள்ளே இருந்தவர்கள் யார், எந்தக் குற்றத்துக்காக?

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருக்கும் பழைய சிறை, மூடப்பட்ட பிறகும் செய்தியில் வந்துகொண்டே இருக்கிறது. 2021 மார்ச்சில் அதன் வெளிச்சுவரில் தெரு ஓவியர் பாங்க்ஸி ஓர் ஓவியம் வரைந்தார்: தட்டச்சுப் பொறியிலிருந்து வழியும் காகிதத்தைக் கயிறாகப் பிடித்து இறங்கும் கைதி. 2024-இல் பிரிட்டிஷ் நீதி அமைச்சகம் அந்த வளாகத்தை ஒரு கல்வி அறக்கட்டளைக்கு விற்றது. இந்தச் செய்திகள் எல்லாவற்றிலும் "எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் அடைக்கப்பட்ட சிறை" என்ற ஒரே அடையாளம்தான்.

அதனால் வாசகர்களுக்குப் பல கேள்விகள் எழுகின்றன. லண்டனில் தண்டிக்கப்பட்டவர் ரெடிங்குக்கு ஏன் வந்தார்? அது கொலைகாரர்களின் சிறையா? அங்கே குழந்தைகள் இருந்தார்களா? அயர்லாந்தின் விடுதலைப் போராளிகள் எப்படி அங்கே போனார்கள்? இவற்றுக்கு விடை காண, கவுண்டி சிறை என்ற ஏற்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

கவுண்டி சிறை என்றால் என்ன

கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. ரெடிங், பெர்க்‌ஷயர் கவுண்டியின் பெரிய நகரம். கவுண்டி சிறையை நடத்தியவர்கள் அந்தப் பகுதி நீதிபதிகள். செலவு உள்ளூர் வரியிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நான்கு வகையினர் இருந்தார்கள்.

1. விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். நீதிமன்றம் கூடும்வரை அடைத்து வைக்கப்பட்டவர்கள்.
2. குறுகிய காலத் தண்டனைக் கைதிகள். சில நாள் முதல் அதிகபட்சம் 2 ஆண்டு வரை.
3. கடன்காரர்கள். 1869-ஆம் ஆண்டுச் சட்டம் கடனுக்காகச் சிறை வைப்பதைப் பெருமளவு ஒழித்தது. ஆனால் கையில் பணம் இருந்தும் கட்டவில்லை என்று நீதிமன்றம் கருதினால், 6 வாரம்வரை உள்ளே தள்ளும் அதிகாரம் அதன் பிறகும் நீடித்தது.
4. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள்.

நீண்ட தண்டனை பெற்றவர்கள் இங்கே தங்கவில்லை. அவர்களுக்கு டார்ட்மூர், போர்ட்லாந்து போன்ற அரசுச் சிறைகள் தனியே இருந்தன. கொடிய குற்றவாளிகள் நிறைந்த இடம் என்று கவுண்டி சிறையைக் கற்பனை செய்வது இதனால்தான் தவறு. கொள்ளையர் தலைவன் ஒருவன் அங்கே இருந்தான் என்றால், பெரும்பாலும் விசாரணைக்குக் காத்திருந்தான், அல்லது வேறு சிறைக்குப் போகும் வழியில் இருந்தான்.

1877-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இந்த ஏற்பாட்டை மாற்றியது. 1878 ஏப்ரல் 1 முதல் நாட்டின் 113 உள்ளூர்ச் சிறைகளும் மத்திய அரசின் சிறை ஆணையத்தின் கீழ் வந்தன. பல சிறைகள் உடனே மூடப்பட்டன, ரெடிங் தப்பியது. அன்று முதல் எந்தக் கைதியையும் எந்த உள்ளூர்ச் சிறைக்கும் ஆணையம் மாற்றலாம் என்றானது. 1895 மே 25 அன்று லண்டனில் தண்டிக்கப்பட்ட வைல்ட், பென்டன்வில், வான்ஸ்வொர்த் சிறைகளைக் கடந்து நவம்பரில் ரெடிங் வந்தது இந்த அதிகாரத்தால்தான். வான்ஸ்வொர்த்தில் அவர் உடல்நலம் குலைந்திருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஹால்டேன் தலையிட்டதன் பேரில் இடமாற்றம் நடந்தது.

தனிமைக்காகக் கட்டிய கட்டடம்

இப்போது நிற்கும் கட்டடம் 1844-இல் திறக்கப்பட்டது. ஸ்காட், மொஃபட் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் வேலை. சிலுவை வடிவத்தில் நீளும் கிளைகள். நடுவில் நின்றால் எல்லா மாடி நடைபாதைகளும் கண்ணுக்குத் தெரியும். முன்மாதிரி, 1842-இல் லண்டனில் திறக்கப்பட்ட பென்டன்வில். அங்கே ஓர் அறை 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். ஒருவருக்கு ஓர் அறை. உறக்கம், உணவு, வேலை மூன்றும் அதற்குள்ளேயே.

இந்த முறைக்குத் தனிமை முறை என்று பெயர். கைதியைக் கைதி பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அறையை விட்டு வெளியே வந்தால் முகத்தை மறைக்கும் தொப்பி. தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு தடுப்புப் பெட்டி. உள்ளே நின்றால் பாதிரியாரை மட்டும் பார்க்கலாம். ரெடிங்கின் பாதிரியார் ஜான் ஃபீல்ட் இந்த முறையின் தீவிர ஆதரவாளர். கைதிகள் பைபிளை மனப்பாடம் செய்வதே முதன்மையான பணி என்று நடத்தியவர். தனிமையில் மனச்சாட்சி விழிக்கும், கெட்ட சகவாசம் அறுபடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பழைய சிறைகளில் பிக்பாக்கெட் சிறுவனும் முதிர்ந்த திருடனும் ஒரே கூடத்தில் கிடந்தார்கள். அதை நினைத்தால், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

ஆனால் கணக்கு இங்கேதான் இடித்தது. பென்டன்வில்லில் தனிமைக்கு முதலில் வைத்த காலம் 18 மாதம். அவ்வளவு காலம் ஒருவரைப் பிடித்து வைத்தால் அவர் மாறுவார் என்பது திட்டம். கவுண்டி சிறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தண்டனையே சில வாரம்தான். நெடுங்காலத்துக்காக வடிவமைத்த இயந்திரத்துக்குள் பதினான்கு நாள் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குத் திருந்த நேரம் கிடைக்கவில்லை. தனிமையின் அதிர்ச்சி மட்டும் முழுமையாகக் கிடைத்தது.

பதிவேட்டில் இருக்கும் குற்றங்கள்

பெர்க்‌ஷயர் வயல்களும் பண்ணைகளும் பெரிய நிலக்கிழார்களின் வேட்டைக் காடுகளும் நிறைந்த கவுண்டி. குற்றங்களும் அந்த மண்ணுக்கு ஏற்றவையே.

1. சிறு திருட்டு. துணி, ரொட்டி, கோழி, விறகு, கிழங்கு. எண்ணிக்கையில் இதுவே எங்கும் நிறைந்தது.

2. திருட்டு வேட்டை. முயல், காட்டுக்கோழி பிடிப்பது. 1828-ஆம் ஆண்டு இரவு வேட்டைச் சட்டப்படி முதல் முறைக்கு 3 மாதம்வரை, இரண்டாம் முறைக்கு 6 மாதம்வரை கடுங்காவல். மூன்றாம் முறைக்கு 7 ஆண்டு நாடு கடத்தலே விதிக்கலாம். 1862-இல் வந்த இன்னொரு சட்டம், சாலையில் போகிறவரின் பையைச் சோதிக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்தது. கூலி குறைந்த பண்ணைத் தொழிலாளிக்குக் குளிர்காலத்தில் முயல் என்பது வீட்டுக் குழம்பு. நிலக்கிழாருக்கு அது சொத்து. தீர்ப்புச் சொன்ன உள்ளூர் நீதிபதி பெரும்பாலும் நிலக்கிழார்தான்.

இந்த மோதல் சில இரவுகளில் கொலையில் முடிந்தது. 1876 டிசம்பரில் ஹங்கர்ஃபோர்டு அருகே ஒரு காவல் ஆய்வாளரும் ஒரு காவலரும் வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்டார்கள். ஹென்றி, ஃபிரான்சிஸ் டிட்பரி என்ற சகோதரர்கள் 1877 மார்ச்சில் ரெடிங் சிறைக்குள் தூக்கிலிடப்பட்டார்கள்.

3. நாடோடிக் குற்றம். 1824-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிச்சை எடுப்பதும், வருமானம் காட்ட முடியாமல் வைக்கோல் கொட்டகையில் படுப்பதும் குற்றம். ஏழை விடுதிகளில் கொடுத்த வேலையைச் செய்ய மறுத்தவர்களும் விடுதி உடையைக் கிழித்தவர்களும் இதே வழியில் சிறைக்கு வந்தார்கள்.

4. குடிபோதை, தெருச் சண்டை. இவற்றுக்கு வழக்கமான தண்டனை அபராதம். கட்டாவிட்டால் சிறை. கட்டக் காசில்லாத காரணத்தால் மட்டுமே உள்ளே போனவர்கள் ஏராளம். தவணை கேட்க முறையான வழி 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் விரிவடைந்தது. அதன் பிறகு சிறைகளுக்கு வருவோர் எண்ணிக்கை சரிந்தது. மக்கள் ஒழுக்கம் ஓர் இரவில் மாறிவிடவில்லை. அபராதம் கட்ட அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான்.

5. கொலை. மிகச் சில. 1868 வரை தூக்கு மக்கள் முன்னிலையில் நடந்தது. அந்த ஆண்டுச் சட்டம் அதைச் சிறைச் சுவருக்குள் கொண்டுபோனது. உடலையும் வளாகத்துக்குள்ளேயே புதைக்க வேண்டும் என்றது. ரெடிங்கின் கடைசித் தூக்கு 1913-இல்.

கடுங்காவல் எப்படி நடந்தது

1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு திருத்துவதைவிட அச்சுறுத்துவதே நோக்கமானது. கடின வேலை, கடின உணவு, கடினப் படுக்கை என்பது அன்றைய அதிகாரிகளின் மூன்று சொல் கொள்கை.

வேலையில் மூன்று வகை பரவலாக இருந்தது.

மிதிசக்கரம்: படிகள் பொருத்திய அகன்ற உருளை. கைதிகள் வரிசையாக நின்று மேலே ஏறுவதுபோல் மிதிக்க, உருளை கீழே சுழலும். ஒரு நாள் உச்ச வரம்பு 8,640 அடி ஏற்றம், 6 மணி நேரத்தில். மீட்டரில் 2,600-ஐத் தாண்டும்.

கைப்பிடிச் சக்கரம்: அறைக்குள் ஒரு பெட்டி, உள்ளே மணலைக் கிளறும் தகடுகள். சுற்றினால் எதுவும் உற்பத்தியாகாது. எண்ணும் கருவி மட்டும் நகரும். நாளுக்குப் பத்தாயிரம் சுற்று என்பது சாதாரணக் கணக்கு. ஒரு திருகை முறுக்கினால் கைப்பிடி இன்னும் கனக்கும். ஒல்லியான கைதிக்கும் பலசாலிக்கும் ஒரே எண்ணிக்கை வைத்த சிறைகளில் பலவீனமானவர் இரவுவரை சுற்றினார், இல்லையென்றால் உணவை இழந்தார்.

தார்க்கயிறு பிரித்தல்: கப்பலில் பயன்பட்டுக் கழித்த, தார் ஏறி இறுகிய கயிற்றை விரலால் நார் நாராகப் பிரிப்பது. நாளுக்கு 3 முதல் 6 பவுண்டு. அந்த நாரைத் தாரோடு கலந்து கப்பல் பலகை இடுக்குகளில் அடைப்பார்கள். நகம் பிளந்து விரல் நுனி புண்ணாகும். வைல்ட் தன் தண்டனையின் முதல் மாதங்களில் செய்த வேலை இது. ரெடிங்கில் அவருக்குத் தோட்ட வேலையும் சிறை நூலக வேலையும் தந்தார்கள்.

1878 விதிகள் இந்தக் கடுமையைப் படிகளாகப் பிரித்தன. நாளுக்கு அதிகபட்சம் 8 மதிப்பெண். 224 சேர்ந்தால் அடுத்த படி. எந்தக் குறையும் இல்லாமல் உழைத்தாலும் ஒரு படிக்கு 28 நாள்.

முதல் படியில் மெத்தை கிடையாது, வெறும் பலகை. இரண்டாம் படியில் வாரத்துக்கு 5 இரவு மெத்தை, மூன்றாம் படியில் 6, நான்காம் படியில் எல்லா இரவும். கடிதமும் சந்திப்பும் முதல் 3 மாதத்துக்கு இல்லை. அதன் பிறகு 3 மாதத்துக்கு ஒரு கடிதம், 20 நிமிடச் சந்திப்பு ஒன்று. உணவும் தண்டனைக் காலத்தை ஒட்டியே நான்கு வகை. ஒரு வாரமோ அதற்குக் குறைவோ இருப்பவருக்கு ரொட்டியும் சோளமாவுக் கூழும் மட்டும்.

இதைக் கூட்டிப் பார்த்தால் வரும் முடிவு கவனிக்க வேண்டியது. பதினான்கு நாள் தண்டனை பெற்றவர் முதல் படியைத் தாண்டவே முடியாது. அவர் பலகையில் மட்டும் படுத்து, மோசமான உணவைத் தின்று, யாருக்கும் ஒரு வரி எழுதாமல் வெளியே போவார். குற்றம் சிறியதாக ஆக ஆக, ஒவ்வொரு நாளின் கடுமை கூடியது. ஏழைகள் சிறையைத் தங்குமிடமாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதே இதற்கு அதிகாரிகள் சொன்ன காரணம். குளிருக்கு ஒதுங்க இடமில்லாத நாடோடிக்கும் அபராதம் கட்ட முடியாத கூலிக்காரருக்கும் இந்த ஏற்பாடு இழைத்த அநீதி, ரெடிங்கின் புகழ்பெற்ற கைதிகளைப் பற்றிய பேச்சில் காணாமல் போய்விடுகிறது.

1896 ஏப்ரல்: ஒரே கூரை, மூன்று நிலை

அந்த மாதத்தில் மூன்று பேர் இந்தச் சிறைக்குள் இருந்தார்கள்.

முதலாமவர் வைல்ட். எண் C.3.3: C பகுதி, மூன்றாம் தளம், மூன்றாவது அறை. ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், அந்தப் பிரிவு அனுமதித்த உச்ச தண்டனையான 2 ஆண்டு கடுங்காவல்.

இரண்டாமவர் சார்லஸ் தாமஸ் வூல்ட்ரிட்ஜ், அரசக் குதிரைப்படை வீரர், வயது 30. மார்ச் 29 அன்று விண்ட்சர் அருகே மனைவியைக் கழுத்தறுத்துக் கொன்றவர். ஏப்ரலில் அவர் விசாரணைக் கைதி. ஜூனில் ரெடிங்கில் கூடிய அசைஸ் நீதிமன்றம் (கடும் குற்றங்களை விசாரிக்க ஊர் ஊராகக் கூடுவது) மரண தண்டனை விதித்தது; ஜூலை 7 அன்று தூக்கு. அந்த மரணத்தை வைத்து வைல்ட் எழுதிய நெடுங்கவிதை 1898-இல், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் C.3.3 என்ற எண்ணோடு வெளிவந்தது.

மூன்றாமவர் அமேலியா டயர். பணம் வாங்கிக்கொண்டு பிறர் குழந்தைகளை வளர்ப்பதாக ஏற்று, கொன்று ஆற்றில் எறிந்தவர். மார்ச் இறுதியில் தேம்ஸ் நதியில் ஒரு குழந்தையின் உடல் கிடைத்தது. அதைச் சுற்றிய பொட்டலத் தாளில் மங்கலாகத் தெரிந்த பெயரும் முகவரியும் போலீசை அவரிடம் கொண்டுபோயின. ஏப்ரல் 4 அன்று ரெடிங்கில் கைது. விசாரணை லண்டனுக்குப் போனது. ஜூன் 10 அன்று நியூகேட் சிறையில் தூக்கு. டயர் ரெடிங் சிறையில் இருந்தார் என்பது சரி. அங்கே தூக்கிலிடப்பட்டார் என்று எழுதுவது பிழை.

ஒருவருக்கு அது தண்டனை. மற்ற இருவருக்குக் காத்திருப்பு. தண்டனைக் கைதிக்கும் விசாரணைக் கைதிக்கும் உடை, வேலை, சந்திப்பு எல்லாவற்றிலும் விதிகள் வேறு. சிறை வரலாறு படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஆள் எந்த நிலையில் உள்ளே இருந்தார் என்பதே.

முயல் பிடித்த பிள்ளைகள்

1897 மே மாதம், வைல்டின் விடுதலைக்குச் சில நாள் முன்பு, மூன்று சிறுவர்கள் ரெடிங் சிறைக்கு வந்தார்கள். குற்றம்: முயலுக்குக் கண்ணி வைத்தது. தண்டனை: அபராதம், கட்ட வழியில்லாததால் சிறை. பசியால் அழுத சின்னப் பையனுக்கு மார்ட்டின் என்ற காவலர் இனிப்பு பிஸ்கட் கொடுத்தார். அதற்காக அவர் வேலை நீக்கம் செய்யப்பட்டார்.

மே 19 அன்று விடுதலையான வைல்ட், மே 28 அன்று டெய்லி கிரானிக்கிள் நாளிதழில் வெளிவந்த நீண்ட கடிதத்தில் இதை அம்பலப்படுத்தினார். சிறைக் குழந்தையின் ஒரு நாளை அவர் நேரத்தோடு எழுதினார்: காலை ஏழரைக்குச் சரியாக வேகாத ரொட்டித் துண்டும் ஒரு குவளைத் தண்ணீரும், பன்னிரண்டு மணிக்குச் சோளமாவுக் கூழ், மாலை ஐந்தரைக்கு மறுபடி ரொட்டியும் தண்ணீரும். இருபத்து நான்கு மணி நேரத்தில் இருபத்து மூன்று மணி நேரம் இருண்ட அறை. அந்த உணவு பெரியவர்களுக்கே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் என்பதையும், குழந்தை பயத்தால் அதைத் தொடவே முடியாமல் கிடக்கும் என்பதையும் சொன்னார். மனநிலை குலைந்த ஒரு சிப்பாய்க்கு, நடிக்கிறான் என்று 24 கசையடி கொடுத்ததையும் அதே கடிதத்தில் பதிவு செய்தார். பிள்ளைகளின் அபராதத்தைத் தானே கட்டி வெளியே எடுக்க, விடுதலைக்கு முன்பே அவர் முயன்றார்.

சட்டம் இதையெல்லாம் அனுமதித்தது. 1854-இல் தொடங்கிய சீர்திருத்தப் பள்ளி ஏற்பாட்டில்கூட, பள்ளிக்கு அனுப்பும் முன் பிள்ளை குறைந்தது 14 நாள் சிறையில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது 1899-இல்தான் நீங்கியது. 14 வயதுக்குட்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்புவது 1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தோடு முடிந்தது.

இந்த மாற்றங்களை வைல்டின் கடிதம் மட்டும் கொண்டுவரவில்லை. மிதிசக்கரமும் கைப்பிடிச் சக்கரமும் பயனற்றவை என்று, சிறைகளை ஆராய அரசு அமைத்த கிளாட்ஸ்டன் குழு 1895-இலேயே அறிக்கை தந்திருந்தது. 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தைத் தொடர்ந்து அவை மறைந்தன. ஆனாலும் ரெடிங்கில் அவர் எழுதத் தூண்டப்பட்ட எல்லாவற்றிலும், அந்தச் செய்தித்தாள் கடிதத்துக்கே முதல் இடம் தருவேன்.

தண்டனையே இல்லாத கைதிகள்

முதல் உலகப் போரில் ரெடிங் காவல் முகாமானது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு, அயர்லாந்தின் ஆர்தர் கிரிஃபித், டெரன்ஸ் மக்ஸ்வீனி, ஷான் டி. ஓகெல்லி போன்றவர்கள் இங்கே அடைக்கப்பட்டார்கள். எந்த நீதிமன்றமும் அவர்களைத் தண்டிக்கவில்லை. போர்க்காலப் பாதுகாப்பு விதி 14B-யின்படி விசாரணையில்லாக் காவல். மக்ஸ்வீனி பின்னர் 1920 அக்டோபரில், லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதத்தின் முடிவில் இறந்தார். ஓகெல்லி அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார். ரெடிங் சிறை 1920-இல் மூடப்பட்டு, பின்னர் வெவ்வேறு வடிவங்களில் மீண்டும் இயங்கியது. 1992 முதல் இளம் குற்றவாளிகளுக்கான இடமாக இருந்தது.

பழைய பதிவேட்டைப் படிக்கும்போது

சிறைப் பதிவேடுகள் இப்போது இணையத்திலும் கிடைக்கின்றன. எண், பெயர், வயது, உயரம், தொழில், குற்றம், அனுப்பிய நீதிபதி, தண்டனை, விடுதலை நாள் என்று வரிசைகள் இருக்கும். எழுத்தறிவுக்குச் சுருக்கக் குறிகள்: N என்றால் படிக்கவோ எழுதவோ தெரியாது, Imp என்றால் அரைகுறை. வழக்கமாக நேரும் பிழைகள்:

1. பதிவுகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே குடிகாரர் ஆண்டில் எட்டு முறை வந்தால் எட்டு பதிவு.
2. "திருட்டு" என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு முட்டைக்கோசும் இருக்கும், ஒரு குதிரையும் இருக்கும். நீதிமன்றப் பதிவையோ உள்ளூர்ச் செய்தித்தாளையோ சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.
3. தண்டனைக்கு எதிரே ஒரு தொகை எழுதியிருந்தால், பெரும்பாலும் அது அபராதத்துக்குப் பதிலான சிறை. விடுதலை நாள் முன்கூட்டியே வந்திருந்தால் யாரோ பணம் கட்டியிருக்கலாம்.
4. அனுப்பியது அசைஸ் நீதிமன்றமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் காலாண்டு அமர்வா, உள்ளூர் நீதிபதியா என்று பார்க்க வேண்டும். குற்றத்தின் கனத்துக்கு அதுவே நம்பகமான அடையாளம்.
5. அன்றைய குற்றம் இன்றைய குற்றம் அல்ல. வைல்டைத் தண்டித்த சட்டம் இங்கிலாந்தில் 1967-இல் தளர்ந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது குற்றமாகக் கருதப்படாத அத்தகைய செயல்களுக்காகத் தண்டிக்கப்பட்டு இறந்தவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது.

விற்பனைக்குப் பிறகு

வாங்கியவர் நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. கட்டடம் இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அது நிற்கும் மண், 1121-இல் முதலாம் ஹென்றி நிறுவிய ரெடிங் மடத்தின் ஒரு பகுதி. அரசரும் அந்த மடத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். 1868-க்குப் பிறகு தூக்கிலிடப்பட்டவர்களையும் வளாகத்துக்குள்ளேயே புதைத்தார்கள். அங்கே அடித்தளம் தோண்டும் எந்தத் திட்டமும் தொல்லியல் அனுமதியைப் பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.